பழைய கிராமபோன் ஏன் கரகரக்கிறது? சவுண்ட் பாக்ஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகிற சாலையில், கேரள எல்லைக்கு முந்தின ஊர் புளியரை. அங்கே என் நண்பன் வீட்டுப் பரணில் சாவி கொடுத்து ஓடும் கிராமபோன் ஒன்று பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் (1956 நவம்பரில்தான் நாம் இந்தப் பக்கம் வந்தோம்) அவன் ஆச்சியுடைய அப்பா கொல்லத்தில் வாங்கி ரயிலில் கொண்டுவந்த பெட்டி அது. இறக்கித் துடைத்து, சாவி கொடுத்து, ஆச்சி பத்திரமாக வைத்திருந்த, நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டார்கள். ஒரு நிமிஷம்கூட ஆச்சியால் கேட்க முடியவில்லை. "ஏலே, இது கிட்டப்பா கொரலாலே? கொட்டாங்கச்சிய தரையில தேய்க்க மாதிரில்லா இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

வீட்டில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: தட்டு தேய்ந்துவிட்டது, பெட்டிக்கும் வயசாகிவிட்டது, பழைய சாமான் இப்படித்தான் கேட்கும். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் எங்கே போனாலும் கேட்கிறேன். அது தவறு என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒழுங்காக இருக்கிற கிராமபோன் கரகரக்காது. பாடகர் மூச்சு எடுப்பது தெரியும், ஆர்மோனியமும் மிருதங்கமும் தனித்தனியாகக் கேட்கும். கரகரப்புக்குக் காரணம் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருந்தது. முள் சொருகும் அந்த வட்டமான சின்ன டப்பாவுக்குள், சவுண்ட் பாக்ஸுக்குள்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்தப் பெட்டியில் மின்சாரம் கிடையாது, ஆம்ப்ளிஃபயர் கிடையாது. ஸ்பிரிங் தட்டைச் சுற்றுகிறது, அவ்வளவுதான். காதில் விழும் சத்தம் முழுக்க முள்ளின் அசைவிலிருந்தே வர வேண்டும். தட்டில் இருக்கும் கோடு நேர்கோடு இல்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இடமும் வலமுமாக நெளிந்து நெளிந்து போவது தெரியும். முள் அந்த நெளிவில் ஆடுகிறது. முள்ளைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி ஒரு தராசுக்கோல் மாதிரி நடுவில் தாங்கப்பட்டிருப்பதால் கீழ் முனை இடப்பக்கம் போனால் மேல் முனை வலப்பக்கம் போகும். அந்த மேல் முனையை ஒரு மெல்லிய வட்டத் தகட்டின் நட்ட நடுவில் பொருத்தியிருப்பார்கள். தகடு முன்னும் பின்னும் அதிர்ந்து, தனக்குப் பின்னால் இருக்கும் காற்றைத் தள்ளி இழுக்கிறது. அந்தக் காற்றின் அசைவு கை போன்ற குழாய் வழியாக ஹாரனுக்குப் போய் நமக்குப் பாட்டாகிறது.

நாதஸ்வரம் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம். சத்தம் பிறப்பது சீவாளியில், அதை ஊருக்கே கேட்கும்படி விரித்துக் கொடுப்பது கீழே இருக்கும் அணசு. கிராமபோனில் சவுண்ட் பாக்ஸ்தான் சீவாளி, பெரிய பித்தளை ஹாரன் அணசு. சீவாளி உடைந்திருக்கும்போது அணசைப் பளபளவென்று தேய்த்து என்ன பயன்? ஆனால் நம் ஆட்கள் பலரும் முதலில் ஹாரனுக்குத்தான் பாலிஷ் போடுகிறார்கள்.

அந்தத் தகடு பழைய பெட்டிகளில் மைக்கா. நம் ஊரில் காக்காப்பொன் என்போமே, அதேதான். ஆந்திராவில் கூடூர் பக்கம் சுரங்கம் தோண்டி எடுத்தார்களே, அந்த வகைக் கனிமம். கண்ணாடி மாதிரி தெளிவாக, விசிட்டிங் கார்டை விட மெல்லிசாக, ஏடு ஏடாகப் பிரியக்கூடியதாக இருக்கும். 1925 வாக்கில் மைக்ரோஃபோன் வைத்து மின்சாரத்தில் பதிவு செய்யும் முறை வந்தது. அதற்கு முன்னால் பாடகர் ஒரு ஹாரனுக்குள் பாட, அந்தச் சத்தமே மெழுகில் கோடு போட்டது. புது முறையில் தாழ்ந்த ஸ்வரமும் மேல் ஸ்வரமும் முன்னை விட அதிகமாகத் தட்டில் ஏறின. அதை எடுத்துக் கொடுக்க மைக்காவை விட இலேசான, விறைப்பான தகடு தேவைப்பட்டதால் மடிப்பு மடிப்பாக அச்சிட்ட அலுமினியத் தகடுகள் வந்தன. எச்.எம்.வி. கம்பெனியின் 101 என்ற கைப்பெட்டியில் இருந்த 4ஆம் எண் சவுண்ட் பாக்ஸ் மைக்கா. 1931இல் வந்த 102இல் பொருத்திய 5ஏ, 5பி அலுமினியம். உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று முன்பக்கம் பார்த்தாலே தெரியும், ஆனால் கோளாறு வருகிற விதம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். அந்தத் தகட்டை டப்பாவுக்குள் எதில் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள்? ரப்பரில். மைக்கா பெட்டிகளில் தகட்டின் விளிம்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ரப்பர் வளையம் இருக்கும். மெல்லிய ரப்பர் குழாயை வெட்டி வட்டமாகப் போட்டது. அந்த இரண்டு வளையங்களுக்கு நடுவே தகடு மிதக்க வேண்டும். நான் "மிதக்க" என்று வேண்டுமென்றே சொல்கிறேன்.

மிருதங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தோலை வாரால் இழுத்து இறுக்கிச் சுருதி சேர்க்கிறோம், ஏனென்றால் அதற்கென்று ஒரு சுருதி வேண்டும். சவுண்ட் பாக்ஸ் தகடு இதற்கு நேர் எதிர். அதற்கென்று சொந்தச் சுருதி தலைதூக்கவே கூடாது, முள் எந்த ஸ்வரத்தைச் சொல்கிறதோ அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மெத்தென்ற ரப்பர் விளிம்பைப் பிடித்திருக்கும் வரை தகடு முழுசாக முன்னும் பின்னும் போய்வரும், தானாக எழும்ப நினைக்கிற அதிர்வை ரப்பர் விழுங்கிவிடும். எண்பது தொண்ணூறு வருஷத்தில் அந்த ரப்பர் என்ன ஆகியிருக்கும்? கல்லாகியிருக்கும். சில பெட்டிகளில் நகத்தால் கீறினால் கருப்பட்டித் துண்டு மாதிரி உடைந்து விழும். அப்போது தகட்டின் விளிம்பு ஆணி அடித்த மாதிரி இறுகிவிடுகிறது. நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் அசைகிறது. தாழ்ந்த ஸ்வரங்கள் காணாமல் போகின்றன. தகட்டின் சொந்தச் சுருதி மேலே ஏறிக் கூர்மையாகி, பாடகர் அந்த இடத்தைத் தொடும்போதெல்லாம் 'ங்ஞீ' என்று அலறுகிறது. கிட்டப்பாவின் குரல் எங்கே சஞ்சரிக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும், மேல் ஸ்தாயியில் தாரமாக நிற்கும். இறுகிப்போன சவுண்ட் பாக்ஸ் அலறுவதும் அந்தப் பக்கத்தில்தான். ஆச்சிக்குக் கொட்டாங்கச்சி கேட்டதற்குத் தட்டு காரணமில்லை, இதுதான் காரணம்.

கல்லான ரப்பர் செய்கிற இன்னொரு கெடுதல் காற்றுக் கசிவு. தகட்டுக்குப் பின்னால் இருக்கும் காற்று ஹாரன் பக்கம் மட்டும்தான் போக வேண்டும். ரப்பர் சுருங்கி விளிம்பில் முடி அளவு இடைவெளி விழுந்தாலும் தகடு தள்ளும் காற்று அந்த வழியே நழுவிவிடும், முதலில் பலி ஆவது தாழ்ந்த ஸ்வரம்தான். சைக்கிள் பம்பில் வாஷர் காய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாதே, அதே கதை.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. சவுண்ட் பாக்ஸைக் கழற்றி, பின்பக்கத் துளையை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, நாக்கு நுனியை அதில் வைத்து மிக மெல்ல ஒரு உறிஞ்சு உறிஞ்சுங்கள். நல்ல பெட்டியில் நாக்கு சில நொடி ஒட்டிக்கொண்டு நிற்கும். கசிகிற பெட்டியில் ஒட்டவே ஒட்டாது. மெல்ல என்று சொன்னதை மறக்க வேண்டாம், பலமாக உறிஞ்சினால் மைக்கா விரிசல் விடும்.

ஆக, வேலை ரப்பரை மாற்றுவதுதான். எந்த ரப்பர் என்பதில் நான் நிறையச் சுற்றியிருக்கிறேன். சைக்கிள் கடை வால்வ் டியூப் எல்லா ஊரிலும் கிடைக்கும், பலரும் அதைத்தான் போடுகிறார்கள். எனக்கு அது தடிமனாக இருந்தது, மூடியை மூடும்போது நசுங்கித் தகட்டை இறுக்கிவிட்டது, அடுத்த வருஷமே காய்ந்தும் போயிற்று. மீன் தொட்டிக் காற்றுக் குழாய் இன்னும் தடிமன், அதில் பிளாஸ்டிக் வகை விறைப்பு வேறு. கடைசியில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் வெளி விட்டம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும் மெல்லிய சிலிக்கான் குழாய் கிடைத்தது. விரலால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் தட்டையாகி, விட்டவுடன் திரும்பி வந்தது. அந்த மென்மைதான் வேண்டும். உங்கள் பெட்டியின் பள்ளம் எவ்வளவு என்று அளந்துவிட்டுக் குழாயைத் தேர்ந்தெடுங்கள், பெட்டிக்குப் பெட்டி மாறும்.

புளியரைப் பெட்டியில் வேறொரு சங்கடமும் இருந்தது. சத்தம் சரியில்லை என்று யாரோ எப்போதோ சவுண்ட் பாக்ஸுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், இரும்புச் சாமானுக்கு எண்ணெய் விடுவது நம் பழக்கம். ஆனால் ரப்பர் ஒரு பக்கம் களியாகவும் மறுபக்கம் கல்லாகவும் இருந்தது, மைக்காவின் விளிம்பு ஏடுகளுக்கு நடுவே எண்ணெய் ஏறி மேகம் படர்ந்த மாதிரி மங்கியிருந்தது. புனலூரில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சேட்டனிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரப்பரும் வெளிச்செண்ணெயும் ஒருநாளும் சேராது அண்ணாச்சி. வெயிலும் ஆகாது, எண்ணெயும் ஆகாது" என்றார். சவுண்ட் பாக்ஸுக்குள் எந்த எண்ணெயும் விடாதீர்கள். எண்ணெய் கீழே மோட்டாருக்கும், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னருக்கும்தான்.

பிரிக்கிற வேலையைக் கிட்டே நின்று காட்டுகிறேன், மைக்கா போட்ட, 'எக்ஸிபிஷன்' என்ற பழைய ரகச் சவுண்ட் பாக்ஸை வைத்துச் சொல்கிறேன். மேஜையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், ஸ்குரூ எள்ளளவுதான், உருண்டால் கிடைக்காது. முதலில் தகட்டின் நடுவில் இருக்கும் குட்டி ஸ்குரூ. இதை நேராகத் திருப்புளி வைத்துத் திருகக் கூடாது. அதன்மேல் தேன்மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள், அது இறுகிப்போய் ஸ்குரூவையும் மைக்காவையும் ஒன்றாகப் பிடித்திருக்கும், திருகினால் மைக்காவும் சேர்ந்து திரும்பி நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். எனக்கு அப்படி ஒன்று போயிருக்கிறது. எண்பது வருஷம் உடையாமல் இருந்த தகடு என் கையில் உடைந்தது, அந்த 'டிக்' சத்தம் இன்னும் மறக்கவில்லை. சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்குரூ தலையில் மட்டும் சில நொடி தொடுங்கள், மெழுகு இளகும், ஸ்குரூ வெண்ணெயில் வருவது மாதிரி வந்துவிடும்.

அப்புறம் முள் கம்பியின் இரு தோள்களையும் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கும் ஸ்குரூவும். அவை எப்படி இருந்தன என்று முதலிலேயே ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கம்பி வந்தபின் பின் தட்டின் ஸ்குரூக்கள், பின் தட்டு, அதற்குள் பழைய ரப்பர். ரப்பரை இரும்பால் சுரண்டாதீர்கள், மூங்கில் குச்சியைச் சீவி வைத்துச் சுரண்டினால் போதும். மைக்காவை விளிம்பில் மட்டும் பிடித்து வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு ஓரமாக லேசாக ஏடு பிரிந்திருந்தால் பரவாயில்லை, ஓடும். விரிசல் நடுத்துளை வரை வந்திருந்தால் புதிதுதான் போட வேண்டும். இஸ்திரிப் பெட்டி எலிமென்ட்டில் வரும் தகட்டை வெட்டி நான் போட்டுப் பார்த்தேன், சத்தம் சோற்றுக்குள் இருந்து வருவது போல மந்தமாக இருந்தது. எனக்கு அகப்பட்டது துகள்களை ஒட்டி அழுத்திச் செய்த தகடு. இதற்கு வேண்டியது ஒரே கல்லிலிருந்து உரித்த முழு ஏடு.

புதுக் குழாயைப் புது பிளேடால் நேராக வெட்டுங்கள், இரண்டு முனையும் இடைவெளி இல்லாமல் முட்ட வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் கூடாது. இதில் அவசரப்பட்டால் கசிவு திரும்ப வந்துவிடும். நான் ஒவ்வொரு வளையத்துக்கும் மூன்று நான்கு தடவை வெட்டுவேன். முதலில் கொஞ்சம் நீளமாக வெட்டி, அரிசி அளவு அரிசி அளவாகக் குறைத்துக்கொண்டே வருவேன். முன் வளையத்தின் இணைப்பும் பின் வளையத்தின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் தள்ளி வைத்துவிட்டு, மைக்காவை நடுவில் உட்கார்த்தி, பின் தட்டின் ஸ்குரூக்களைக் கார் சக்கரத்துக்குத் திருகுவது மாதிரி ஒவ்வொன்றாகக் கால் கால் சுற்று திருகுங்கள். எங்கே நிறுத்துவது என்பதுதான் கைப்பக்குவம். காற்று கசியாத அளவுக்கு இறுக்கம், ரப்பர் தட்டையாகாத அளவுக்குத் தளர்ச்சி. இறுக்க இறுக்க நன்றாகப் பாடும் என்று கை சொல்லும், கேட்காதீர்கள்.

இனி வருவது பலரும் தவறவிடும் இடம், என் கணக்கில் ரப்பருக்கு அடுத்த முக்கியம் இதுதான். முள் கம்பியைத் திரும்ப மாட்டும்போது, நடு ஸ்குரூ போடுவதற்கு முன்னால், பெட்டியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். கம்பியின் பாதம் மைக்காவைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் ஸ்குரூ போட்டதும் அது மைக்காவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். பாதம் அழுத்திக்கொண்டிருந்தால் மைக்கா உள்ளே குழிந்து நிற்கும். இரண்டிலுமே தகடு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்த தராசு. அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல தட்டைப் போட்டாலும் சத்தம் பெரிதாகும் இடத்தில் உதறும். தோள் ஸ்பிரிங்குகளின் ஸ்குரூவை ஒரு பக்கம் துளி தளர்த்தி மறுபக்கம் துளி இறுக்கினால் பாதம் முன்னும் பின்னும் நகரும். புளியரைப் பெட்டிக்கு இது மட்டுமே எனக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. பாதமும் துளையும் நேருக்கு நேர் வந்து, காகிதம் நுழையாத இடைவெளியில் நிற்கும்போது ஸ்குரூவைப் போட்டு, அதன்மேல் ஒரு சொட்டுத் தேன்மெழுகை உருக்கி வையுங்கள். அந்தச் சொட்டு நடுத்துளையின் கசிவை அடைக்கும், ஸ்குரூ தளர்ந்து சலசலப்பதையும் தடுக்கும். பெரிய சொட்டு வேண்டாம், தகட்டுக்குக் கனம் கூடிவிடும்.

சரியாக வந்திருக்கிறதா என்று தட்டில் வைக்காமலே தெரிந்துகொள்ளலாம். ஒரு முள்ளை மாட்டி, அதன் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். முன்னே வறட்சியாக 'கிரீச்' என்றிருந்த சத்தம் இப்போது கொஞ்சம் வயிறு உள்ள சத்தமாக, உள்ளங்கைக்குள் பேசுவது போலக் கேட்கும்.

சவுண்ட் பாக்ஸ் அந்தக் கைக்குழாயோடு சேரும் இடத்திலும் ஒரு ரப்பர் இருக்கிறது, பின்பக்கம் தடித்த வளையமாக. அதுவும் கல்லாகியிருந்தால் அதிர்வு நேராகக் குழாய்க்குள் போய் இரும்புச் சத்தம் போடும், காற்றும் கசியும். அதையும் மாற்றிவிடுங்கள். பின்னாளில் வந்த சில பெட்டிகளில் டப்பாவே துத்தநாகம் கலந்த மலிவான வார்ப்பு உலோகம். வருஷங்கள் போகப் போக உள்ளுக்குள்ளேயே வெடித்து, உப்பி, தொட்டால் உதிரும். வெளியே பொடி விரிசல் தெரிந்தால் பலம் கொடுத்துத் திருகாதீர்கள், கையில் நொறுங்கும். அலுமினியத் தகடு போட்ட பெட்டிகளை முதல் தடவை செய்பவர்கள் திறக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். அந்தத் தகட்டில் விரல் பட்டுப் பள்ளம் விழுந்தால் எடுக்க முடியாது, மைக்காவில் கை பழகட்டும்.

முள் பற்றி ஒரு வார்த்தை. எஃகு முள் ஒரு பக்கத்துக்கு ஒன்று, பாட்டு முடிந்ததும் எறிந்துவிட வேண்டும். கஞ்சத்தனம் பார்க்கவே கூடாத இடம் இது. பத்து அங்குலத் தட்டில் மூன்று நிமிஷப் பாட்டு ஓடி முடிவதற்குள் முள் நூறு மீட்டருக்கு மேல் கோட்டில் உரசிக்கொண்டே நடக்கிறது. அரக்கோடு கல்பொடி கலந்த தட்டு அந்த முள்ளைச் சாணை பிடித்த மாதிரி தேய்த்துத் தன் கோட்டுக்குப் பொருந்த வைத்துக்கொள்கிறது, அதற்காகவே அந்தப் பொடியைக் கலந்தார்கள். அதே முள்ளை அடுத்த தட்டில் வைத்தால் அதன் தேய்ந்த பட்டை உளி மாதிரி கோட்டைச் செதுக்கும். எந்த வீட்டுப் பழைய தகர டப்பாவைத் திறந்தாலும் புது முள்ளும் ஓடின முள்ளும் கலந்தேதான் கிடக்கின்றன, அந்த டப்பாவை நம்பாதீர்கள். தடித்த முள் சத்தம் கூட்டும், மெல்லிய முள் குறைக்கும். வீட்டுக் கூடத்துக்கு நடுத்தரமே போதும், தட்டும் நாள்பட வரும். பின்னாளில் வந்த, மெதுவாகச் சுற்றும் எல்.பி. தட்டை இதில் வைக்கவே கூடாது, ஒரே சுற்றில் போய்விடும். முதல் சோதனைக்கு உங்களுக்குப் பிரியமான தட்டை எடுக்காமல், உடைந்தாலும் வருத்தமில்லாத ஒன்றை எடுங்கள்.

வேகத்தையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் வேகம் தப்பினால் சவுண்ட் பாக்ஸ் மேல் பழி விழும். தட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் சொருகி, பாட்டு ஓடும்போதே எண்ணுங்கள், அரை நிமிஷத்தில் 39 சுற்று வந்தால் சரி. முள் கோட்டில் இருக்கும்போது எண்ணுவது முக்கியம், அந்தப் பாரத்தில் தட்டு கொஞ்சம் மெதுவாகும்.

இன்னொன்று, வாங்குகிறவர்களுக்கு. சுற்றுலா ஊர்களில் பளபளக்கும் பித்தளை ஹாரனும் நாய் படமும் ஒட்டிப் புதிதாகச் செய்த பெட்டிகளைப் பழையது என்று விற்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கேரளத்தில் பெரிய தொகை கொடுத்து ஒன்றை வாங்கிவிட்டு, சவுண்ட் பாக்ஸ் சரிசெய்து தரச் சொல்லி என்னிடம் வந்தார். திறந்தால் தகடு கோணல், வார்ப்பு கரடுமுரடு, கம்பிக்குத் தாங்குமிடமே ஒழுங்காக இல்லை. ரப்பர் மாற்றி அதைப் பாட வைக்க முடியாது. உண்மையான பழைய சவுண்ட் பாக்ஸ் ஒன்றைத் தேடி மாட்டினால் ஓரளவு தேறும். வாங்கும் முன் சவுண்ட் பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். பழைய வேலை என்றால் ஸ்குரூக்கள் சீராக இருக்கும், முள் கம்பி ஊஞ்சல் மாதிரி சத்தமில்லாமல் ஆடும், எழுத்துகள் கூர்மையாக இருக்கும்.

புளியரைப் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பக் கொண்டுபோனேன், வெளியே சாரல். ஆச்சி முதலில் பக்கத்தில் வரவில்லை, அடுக்களைத் திண்ணையிலேயே இருந்தார். புது முள் சொருகி, வேகம் பார்த்து, அதே கிட்டப்பா தட்டை வைத்தேன். 27 வயதில், 1933இல், போய்விட்ட மனிதர், எங்கள் செங்கோட்டையில் பிறந்தவர். அவர் குரல் நமக்குக் கிடைப்பது இந்த அரக்குத் தட்டுகளில்தான். தார ஸ்தாயியில் அவர் போய் நின்றபோது பெட்டி அலறவில்லை, குரல் மட்டும் நின்றது. உரசல் சத்தம் அடியில் மழை மாதிரி இருந்தது, அது எப்போதும் இருக்கும். ஆச்சி எழுந்து வந்து ஹாரனுக்கு முன்னால் உட்கார்ந்து முழுப் பக்கமும் கேட்டார். முடிந்ததும் கேட்டது இதுதான்: "இதுல ஆர்மோனியம் இருந்ததாலே? எங்க அப்பா போடுறப்போ இருந்துச்சு. நடுவுல எங்க போச்சு?"

மறுபக்கத்தைப் போடச் சொன்னார். முள்ளை மாற்றிவிட்டுப் போட்டேன். இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது, அந்த சிலிக்கான் வளையங்கள் இன்னும் மெத்தென்றே இருக்கின்றன. வரும் சித்திரையில் ஒருமுறை திறந்து, நடு மெழுகு மட்டும் வெயிலுக்கு இளகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.